ரோலர் ஏறும் முன்னே: சாலைத் திட்டங்களும் சிங்கப்பூர் மண்ணுக்கடியில் இருப்பவையும்

சிங்கப்பூரில் சாலையோரம் எங்கே தோண்டினாலும், எஸ்கவேட்டர் இறங்கும் முன் ஒரு வேலை கட்டாயம் நடக்கும். மின்கேபிள் வரைபடத்தை வாங்கிப் பார்ப்பார்கள். உரிமம் பெற்ற கேபிள் கண்டறிபவர் கருவியோடு நடந்து தரையில் பெயின்ட் அடிப்பார். அடித்த இடத்தில் ஊழியர்கள் சாங்கோலை (மண்வெட்டியை)ப் பிடித்துக் கையாலேயே குழி வெட்டுவார்கள். சைட்டில் இதற்கு 'டிரையல் ஹோல்' என்று பெயர். குழி பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்; ஆழம் ஒன்று, ஒன்றரை. கேபிள் தெரிந்தால் படம் எடுத்து ஆழத்தைக் குறித்துக்கொள்வார்கள், தெரியாவிட்டால் மூடிவிடுவார்கள்.

தொல்லியலாளர் ஓர் இடத்தைச் சோதிக்க வெட்டும் முதல் குழியும் இதே அளவுதான். ஒரே குழி, ஒரே மண்வெட்டி. கேபிளுக்காக வெட்டும்போது மண்ணை யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு சாலைத் திட்டத்தில் தொல்லியல் தடம் பிழைப்பதும் அழிவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகி, இயந்திரம் வாடகைக்கு வந்து நின்ற பிறகு நடப்பதெல்லாம் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடும் மீட்பு வேலை. பாதுகாப்பு என்று அதைச் சொல்ல முடியாது.

சாலை விழுங்கிய சில

இந்த ஊரில் சாலைக்கும் பழம்பொருளுக்கும் உள்ள உறவு தொடக்கத்திலிருந்தே சரியில்லை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1819ல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டுப் பாறை ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம், மூன்று மீட்டர் நீளம். அதில் ஐம்பது வரி அளவுக்கு எழுத்து இருந்தது. ஆற்றுவாயில் கட்டுமானத்துக்கு இடம் வேண்டும் என்று 1843ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தப்பிய துண்டுகளில் பெரிதாக ஒன்று, இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் இருந்த ஆளுநர் மாளிகையின் மூலையில் கிடந்தது. ஆளுநர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அதையும் உடைத்துச் சாலைக்குச் சல்லியாகப் போட்டுவிட்டதாகப் பதிவு இருக்கிறது. தேசிய அரும்பொருளகத்தில் இன்று நாம் பார்ப்பது மிஞ்சிய ஒரு துண்டை. அந்தக் கல்லின் எழுத்துகளில் 'கேசரிவ' என்று தெரிவது 'பரகேசரிவர்மன்' என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்று இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர் 2019ல் ஒரு வாசிப்பை முன்வைத்தார். அது சரியா தவறா என்று தீர்த்துச் சொல்ல முழுக் கல் வேண்டும். அதன் பெரிய துண்டு ஒன்று சாலைக்கு அடியில் போய்விட்டது.

இன்னொன்று அளவில் இதைவிடப் பெரியது. 1822ல் இங்கே வந்த பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்ட், கடற்கரையிலிருந்து குன்றின் அடிவாரம் வரை ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்கு ஓடிய ஒரு மண்மதிலை விவரித்திருக்கிறார். அடியில் சுமார் 16 அடி அகலம், உயரம் எட்டு ஒன்பது அடி. பழைய சிங்கப்பூரின் எல்லை அதுதான். மதிலையொட்டி ஓடிய நன்னீர் ஓடை இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாய். மதில் இருந்த வரிசையில் ஓடுவது ஸ்டாம்ஃபர்ட் சாலை. நகரம் வளரத் தொடங்கியதும் மதில் இருந்த சுவடே தெரியாமல் போயிற்று.

1928ல் ஃபோர்ட் கேனிங்கில் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டிய தொழிலாளர்கள் கையில் 14ஆம் நூற்றாண்டுத் தங்க நகைகள் கிடைத்தன. நகையைக் காப்பாற்றினார்கள். எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்ற விவரம் நீர்த்தேக்கத்தோடு போயிற்று. முறையான முதல் அகழாய்வுக்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அதே குன்றில் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் நடத்தினார். சாலைப் பணியோடு நேரடியாக மோதியது 1988: மத்திய விரைவுச்சாலைக்காகச் சிங்கப்பூர் ஆற்றில் முன்பு தனித்தீவாக இருந்த புலாவ் சைகோனைத் தோண்டியபோது, இயந்திரங்களுக்கு நடுவே 19ஆம் நூற்றாண்டுப் பொருள்களை மீட்டெடுத்தார்கள். தீவு இப்போது வரைபடத்திலும் இல்லை.

எங்கே தேடுவது?

தமிழ்நாட்டில் பழைய ஊர் என்றால் ஒரு மேடு இருக்கும், மேட்டில் பானை ஓடு சிதறிக் கிடக்கும், ஆடு மேய்ப்பவருக்கே தெரியும். சிங்கப்பூரில் மேடு கிடையாது. குன்றை வெட்டிக் கடலை நிரப்பிய ஊர் இது. மேல் மண் வேறெங்கிருந்தோ வந்தது. அதனால் தேடல் வரைபடத்தில் ஆரம்பிக்கும். 1828ல் வெளியான ஜாக்சன் நகரத் திட்டப்படம் போன்ற பழைய படங்களை இன்றைய படத்தின்மேல் பொருத்திப் பழைய கரையோரம், ஓடை, கோட்டை, இடுகாடு எல்லாவற்றையும் குறிப்பார்கள். பீச் ரோடும் தெலுக் ஆயர் தெருவும் ஒருகாலத்தில் கடலைப் பார்த்து நின்றவை என்பதை நினைவில் வைத்தால், அவற்றுக்குக் கடல் பக்கம் இருப்பது நிரப்பிய மண், உள்பக்கம் இருப்பதே ஆய்வுக்குரிய மண் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: பழைய படத்தைப் பொருத்தும்போது பத்து இருபது மீட்டர் தள்ளிப்போவது சாதாரணம். கோட்டைச் சுவர் இங்கேதான் என்று ஒரே கோட்டில் பந்தயம் கட்டக் கூடாது. இரு பக்கமும் ஒரு பட்டையாகவே குறிக்க வேண்டும்.

அடுத்தது போர்ஹோல் பதிவுகள். சாலைத் திட்டம் எதுவானாலும் மண்ணின் வலுவை அறியத் துளையிட்டுப் பார்ப்பார்கள். பதிவில் 'நிரப்பு மண், செங்கல் துண்டுகளுடன்', 'கருமணல், சிப்பியுடன்' என்று ஒரு வரி இருக்கும். பொறியாளர் அதை 'பலவீனமான மேலடுக்கு' என்று படித்துவிட்டு நகர்வார். தொல்லியலாளருக்கு அந்த வரிதான் செய்தி. ஆனால் போர்ஹோலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை வைத்து இடம் காலி என்று முடிவு கட்டுவது பெரிய பிழை. 100 மில்லிமீட்டர் துளையின் பரப்பு 0.008 சதுர மீட்டர்கூட இல்லை. ஒரு மீட்டர் சதுரக் குழி அதைப்போல 127 மடங்கு. ஐம்பது மீட்டருக்கு ஒரு துளை போட்டுப் பானை ஓடு அகப்படவில்லை என்பது, குளத்தில் ஒரு விரலை நனைத்துவிட்டு மீன் இல்லை என்பது போல.

ஆகவே மூன்றாவது படி, சோதனைக் குழி. பத்து சென்டிமீட்டர் அடுக்காக இறங்க வேண்டும். ஒரு மீட்டர் சதுரத்தில் ஒரு அடுக்கு என்பது 100 லிட்டர் மண். தோண்டியதும் உப்பி 120, 130 லிட்டராகும். பத்து லிட்டர் வாளியில் பன்னிரண்டு பதிமூன்று வாளி. ஒவ்வொரு வாளியும் ஐந்து மில்லிமீட்டர் சல்லடையில் போக வேண்டும். ஒரு மீட்டர் ஆழம் முடிய 120 வாளிக்கு மேல். மணலாக இருந்தால் இருவர் சேர்ந்து இரண்டு மூன்று நாளில் முடிப்பார்கள். களிமண்ணாக இருந்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பீய்ச்சி அலச வேண்டும், வேலை இரட்டிப்பாகும், அலசிய சேற்றுநீரை வடிகாலில் விட முடியாததால் அதற்கும் ஒரு படிவுத்தொட்டி வேண்டும். இதே ஒரு கன மீட்டர் எஸ்கவேட்டருக்கு ஒன்றிரண்டு அள்ளல், ஒரு நிமிடத்துக்குள் லாரியில்.

தார் போடுவதால் மட்டும் அழிவதில்லை

சாலை என்றதும் தாரும் ரோலரும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் சேதத்தில் பெரும்பங்கு சாலைக்கு வெளியே நடக்கிறது. சமதரையில் மண் கொட்டி உயர்த்திப் போடும் சாலைக்கு மேல்மண் 15 முதல் 30 சென்டிமீட்டர் வழித்தால் போதும். அடியில் இருப்பது பெரும்பாலும் தப்பும். ஆனால் அதன் ஓரமாக வரும் வடிகால் இரண்டு மூன்று மீட்டர் இறங்கும். அதைவிட மோசம் சேவைக் குழாய்களை இடம் மாற்றுவது. தண்ணீர், எரிவாயு, மின்சாரம், தொலைத்தொடர்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பள்ளம், தனித்தனிக் குத்தகைக்காரர். பிரதான ஒப்பந்தம் தொடங்குவதற்கு முன்பே இந்தப் பள்ளங்கள் வெட்டப்பட்டுவிடும். தொல்லியல் குழுவை 'சாலை வேலை தொடங்கும்போது' கூப்பிட்டால், வரும்போது நிலம் சல்லடையாகியிருக்கும். சைட் ஆபீஸ், இரும்புக் கம்பி அடுக்கும் இடம், லாரி போகும் தற்காலிகப் பாதை ஆகியவையும் திட்ட எல்லைக்கோட்டுக்குள் வராததால் ஆய்விலிருந்து நழுவிவிடுகின்றன.

சுரங்கச் சாலையிலும் இந்தக் கணக்கு மாறும். இருபது மீட்டர் ஆழத்தில் இயந்திரம் குடைந்து போனால் மேலே உள்ள மூன்று நான்கு மீட்டர் வரலாற்று அடுக்குக்கு ஒன்றும் ஆகாது. மேலிருந்து திறந்து வெட்டி மூடும் முறையில் அந்த அடுக்கு முழுதாகப் போகும். ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலை 2007 ஜனவரியில் திறந்தது. அதன் வழியில் இருந்த ஸ்டாம்ஃபர்ட் சாலைத் தேசிய நூலகக் கட்டடம் 2004ல் இடிபட்டது. சிவப்புச் செங்கல் கட்டடத்துக்காகப் பலர் குரல் கொடுத்தார்கள். கண்ணில் படுவதற்குத்தான் ஆதரவாளர்கள் கிடைப்பார்கள். கிராஃபர்ட் பார்த்த மதிலும் இதே சாலை வரிசையில்தான் போனது என்பது கண்ணில் படாத செய்தி.

நிலத்தடி நீரை மறந்துவிடக் கூடாது. பள்ளம் காய்ந்திருக்க வேண்டும் என்று பம்பு போட்டு இறைக்கும்போது பக்கத்து நிலத்திலும் நீர்மட்டம் இறங்கும். நூற்றாண்டுக் கணக்கில் ஈரத்தில் ஊறிக் கெடாமல் இருந்த மரக்கட்டை, கயிறு, விதை எல்லாம் காற்றுப் பட்டதும் சுருங்கி வெடிக்கும். அதாவது தோண்டாத இடமும் கெடும். மரினா அணைக்கட்டு 2008ல் வந்த பிறகு சிங்கப்பூர் ஆற்றில் அலை ஏற்ற இறக்கம் இல்லை என்பதால் கரையோரக் குழிகளில் நீர்மட்டத்தை முன்கூட்டிக் கணிப்பது எளிதாயிற்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்த எளிமையும் போய்விடும்.

புக்கிட் பிரவுன் கணக்கு

சாலைக்காக வரலாற்று நிலத்தை வெட்டியதில் அண்மைக்கால உதாரணம் புக்கிட் பிரவுன். 1922ல் திறந்து 1973ல் மூடிய சீன இடுகாடு; ஏறத்தாழ ஒரு லட்சம் கல்லறைகள். லோர்னி சாலை நெரிசலைக் குறைக்க, ஆடம் மேம்பாலத்துக்கும் மெக்ரிட்சி மேம்பாலத்துக்கும் இடையே பக்கத்துக்கு நான்கு தடமாக எட்டுத் தடச் சாலை வரும் என்று 2011 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. முதலில் சொன்ன எண்ணிக்கை சுமார் 5,000 கல்லறை. 2012 மார்ச்சில் வழித்தடத்தைத் திருத்தி 3,746 என்றார்கள். பிறகு அது 4,153 ஆயிற்று. ஓடைகளும் விலங்குகளும் கடந்து போக வசதியாகச் சாலையின் ஒரு பகுதியைச் சுமார் 600 மீட்டர் பாலமாக உயர்த்தினார்கள். லோர்னி நெடுஞ்சாலை 2018 அக்டோபரில் போக்குவரத்துக்குத் திறந்தது.

இதில் நல்லது, ஆவணப்படுத்தல். மானிடவியலாளர் ஹுய் யூ ஃபூங் தலைமையில் ஒரு குழு, பாதிக்கப்படும் கல்லறைகளைத் தனித்தனியாகப் பதிவு செய்தது. கல்லறைக்கு ஒரு மரமுளை, முளையில் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே புகைப்படம், கல்லெழுத்து, அளவு, அலங்காரம். சீனர் கல்லறையின் இருபுறமும் காவலுக்கு நிற்கும் தலைப்பாகை கட்டிய சீக்கியர் சிலைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இன்றும் உண்டு. ஒரு சமூகத்தின் மரணச் சடங்கில் இன்னொரு சமூகம் கல்லாக நிற்பது இந்த ஊருக்கே உரிய காட்சி. பதிவின் வரம்பும் தெளிவு. சாலை வருமா வராதா என்ற முடிவு எடுத்த பிறகே இந்த வேலை தொடங்கியது. ஆய்வால் வழித்தடத்தைக் கொஞ்சம் நகர்த்த முடியும், தடத்தையே மாற்ற முடியாது என்ற நிலையில் தொடங்கும் எந்தப் பதிவும் ஒரு வழியனுப்புதான்.

எம்பிரஸ் பிளேஸில் 2015ல் வரிசை சரியாக அமைந்தது. பாடாங் வட்டாரத்தை நடப்பவர்களுக்கு ஏற்றதாக மாற்றும் பணிக்கு முன்பே, தேசிய மரபுடைமைக் கழகம் அகழாய்வுக்கு ஏற்பாடு செய்தது. சில மாத வேலையில் டன் கணக்கில் பொருள்கள் வெளிவந்தன. 1368க்கும் 1398க்கும் இடைப்பட்ட காலத்துச் சீன அரசவைத் தரப் பீங்கானும் அதில் உண்டு. குழு தோண்டி முடித்த பிறகே கட்டுமானக்காரர்கள் இறங்கினார்கள். முன்கூட்டியே நாள் ஒதுக்கியிருந்ததால் யாரும் யாரையும் விரட்ட வேண்டியிருக்கவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1971ல் வந்தது, 2009ல் புதுப்பிக்கப்பட்டது. அரசிதழில் வெளியான சின்னங்களுக்கு அது வேலி. மண்ணுக்கடியில் யாருக்கும் தெரியாமல் கிடப்பதை முன்கூட்டி அரசிதழில் போட முடியாது என்பதுதான் சிக்கல். 2021ல் தேசிய மரபுடைமைக் கழகச் சட்டத்தைத் திருத்தி, அரசு நிலத்தில் கிடைக்கும் தொல்பொருள் அரசின் உடைமை என்பதைத் தெளிவாக்கினார்கள். பெரிய பொதுத் திட்டங்கள் முக்கிய மரபிடங்களைத் தொடும்போது தாக்க மதிப்பீடு செய்யும் நடைமுறை 2022ல் அறிவிக்கப்பட்டது. முன்னேற்றம்தான். ஆனால் ஒவ்வொரு சாலைக்கும் தொல்லியல் ஆய்வு கட்டாயம் என்ற சட்டம் இல்லை. எது 'முக்கியம்' என்று முன்பே தெரிந்திருந்தால்தான் இந்த நடைமுறை அசையும்.

ஒப்பிட்டுப் பார்க்க வெடிகுண்டு இருக்கிறது. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா கட்டுமானத் தளத்தில் 100 கிலோ எடையுள்ள போர்க்கால வெடிகுண்டு அகப்பட்டது. வேலை நின்றது, காவல்துறை வந்தது, 4,000க்கு மேற்பட்டோரை வெளியேற்றி அங்கேயே வெடிக்கச் செய்தார்கள். யாரை அழைப்பது, யார் முடிவெடுப்பது, காலதாமதத்தை யார் ஏற்பது என்று எவரும் தடுமாறவில்லை. பானை ஓட்டுக்கு அந்தத் தெளிவு இல்லை. காரணம் அலட்சியம் என்பதைவிடப் பணம் என்பதே நேர்மை. நாள் தவறினால் குத்தகைக்காரர் தண்டம் கட்ட வேண்டும். சர்வதேச அளவில் புழங்கும் ஃபிடிக் (ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு) 1999 ஒப்பந்த விதிகளில் 4.24 என்ற பிரிவு இதற்கென்றே இருக்கிறது: பழம்பொருள் கிடைத்தால் பொறியாளருக்கு உடனே தெரிவிக்க வேண்டும், அதனால் ஏற்படும் தாமதத்துக்குக் கூடுதல் நாளும் செலவும் கோரலாம். இந்த இரண்டாம் பாதி இல்லாத ஒப்பந்தத்தில் முதல் பாதி வேலை செய்யாது. தன் கைக்காசைப் போட்டு வேலையை நிறுத்த வேண்டும் என்றால், பார்த்ததைப் பார்க்காத மாதிரி லாரியை நிரப்பத்தான் தோன்றும்.

முதலில் பார்ப்பவர்

எந்தச் சாலைத் தளத்திலும் மண்ணை முதலில் பார்ப்பவர் தொல்லியலாளர் அல்லர். எஸ்கவேட்டர் ஓட்டுநரும், பக்கெட்டுக்கு முன்னால் நின்று சைகை காட்டுபவரும்தான். இவர்களில் கணிசமானோர் தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். முதுமக்கள் தாழியை ஊரில் பார்த்த கண்கள். வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, எதைப் பார்த்தால் கையைத் தூக்க வேண்டும் என்று அவரவர் மொழியில் படத்தோடு காட்டினால் போதும்: வெள்ளை மணலில் திடீரென ஓடும் கரும்பட்டை; பச்சை மெருகேறிய பீங்கான் துண்டு; செங்கல் வரிசை; நெருக்கமாகக் குவிந்த சிப்பி; இயற்கையில் வராத நேர்க்கோடு அல்லது சதுர மூலை.

கையைத் தூக்கிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான், வரிசை மாறக் கூடாது. பக்கெட்டை மேலே தூக்கி இயந்திரத்தைப் பின்னால் எடுக்க வேண்டும். பொருளைப் பிடுங்கக் கூடாது; பாதி மண்ணில் இருக்கும்போதுதான் அதற்கு விலை. அளவுகோல் ஒன்றை அருகில் வைத்து, பள்ளத்தின் சுவரும் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். ஏற்கெனவே லாரியில் ஏறிய மண்ணைத் தனியாகக் கொட்டி அடையாளம் வைக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலும் மறப்பார்கள். அரை மணிக்குள் அந்த லாரி தீவின் மறுகோடியில் நிற்கும். பிறகு தார்ப்பாய் போட்டு மூடி, மேற்பார்வையாளர் வழியாகத் தேசிய மரபுடைமைக் கழகத்துக்குத் தகவல். பானை ஓட்டைத் தளத்திலேயே கழுவிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும், பானைக்குள் ஒட்டிய கரியில்தான் என்ன சமைத்தார்கள் என்பது இருக்கும். இரும்பு உலர்ந்திருக்க வேண்டும், மரம் ஈரமாகவே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பையில் போட்டால் இரண்டும் கெடும். கடற்கரை மண்ணில் கிடைத்த பானை ஓட்டைப் பின்னர் ஆய்வகத்தில் நல்ல தண்ணீரில் போட்டு, நீரை மாற்றி மாற்றி உப்பை இறக்காவிட்டால் காய்ந்தபின் மெருகு செதிலாக உதிரும்.

தோண்டாமல் விடுவது

சில இடங்களில் நல்ல முடிவு, அகழாய்வே செய்யாமல் மூடிவைப்பது. அடுக்கு ஆழத்தில் இருந்து, சாலை மேலே உயர்ந்து போகிறது என்றால், பழைய தரையின்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி (மண் அடுக்குகளைப் பிரித்துவைக்கும் செயற்கை இழைத் துணி) விரித்து, கல் கலக்காத மணலைப் பரப்பி, அதன்மேல் நிரப்பு மண் போடலாம். துணி வலுவுக்காக மட்டும் அல்ல, பின்னால் தோண்டுபவருக்கு 'இதற்குக் கீழே வேறு' என்று சொல்லும் எல்லைக்கோடும் அதுதான். முதல் அடுக்குகளை அதிர்வு ரோலரால் இறுக்கக் கூடாது. அதிர்வை அணைத்துவிட்டு வெறும் எடையால், மெல்லிய அடுக்குகளாக இறுக்க வேண்டும். பத்து டன் ரோலர் அதிர்ந்தால் கீழே உள்ள பானை தப்பாது. அடியில் கடற்களிமண் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: நிரப்பு மண்ணின் எடையால் களிமண் ஆண்டுக்கணக்கில் அமுங்கும், மேலிருக்கும் அடுக்கும் சமமில்லாமல் வளையும். அங்கே மூடிவைப்பதைவிடத் தோண்டி எடுப்பதே மேல்.

எதைச் செய்தாலும், குழியின் நான்கு மூலைகளையும் சிங்கப்பூர் நில அளவைக்குப் பயன்படும் எஸ்விஒய்21 ஆயத்தொலைவில், ஆழத்தைச் சிங்கப்பூர் உயர மட்டத்தில் குறித்துவைக்க வேண்டும். 'விளக்குக் கம்பத்திலிருந்து நாலு மீட்டர்' என்று எழுதிய குறிப்பு, கம்பத்தைப் பிடுங்கிய அன்றே செத்துவிடும். அந்த எண்கள் அறிக்கையோடு அலமாரியில் தூங்காமல், கேபிள் வரைபடத்தோடு சேர்ந்து அடுத்த குத்தகைக்காரர் கைக்குப் போக வேண்டும். பத்து ஆண்டு கழித்து அதே ஓரத்தில் இணையக் கம்பி புதைக்க வருபவர் டிரையல் ஹோல் வெட்டும் முன் அதைத்தான் முதலில் விரித்துப் பார்ப்பார்.